மீட்கப்படும் மரம்

மீட்பு என்னும் சொல்லை நாம் கோவிலில் கேட்பதுபோலவே அடகுக் கடையிலும் கேட்கிறோம். வைத்த நகையை மீட்க வேண்டும், ஒற்றிக்கு விட்ட நிலத்தை மீட்க வேண்டும் என்று பேசும்போது, உரிய விலையைக் கொடுத்துப் பறிபோன ஒன்றை அதன் இடத்திற்குத் திருப்பிக் கொண்டுவருவதையே குறிக்கிறோம். திருநூலின் மொழியிலும் அடிப்படை அதுதான். வறுமையால் ஒருவன் விற்றுவிட்ட நிலத்தை நெருங்கிய உறவினன் முன்வந்து மீட்க வேண்டும் என்று லேவியர் நூல் ஆணையிடுகிறது. நிலத்திலிருந்து அடிமைக்கும், அடிமையிலிருந்து மனுக்குலம் முழுமைக்கும் அச்சொல் வளர்ந்து சென்று சிலுவையடியில் நின்றது.

அண்மைக் காலமாக அதே சொல் நகரத்துத் தச்சுப் பட்டறைகளில் வழங்கத் தொடங்கியிருக்கிறது. புயலில் சாய்ந்தோ, சாலை அகலப்படுத்த வெட்டப்பட்டோ கிடக்கும் தெருவோர மரங்களை வாங்கி, அறுத்து, காயவைத்து, கேட்பவரின் அளவுக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப மேசை, கதவு, ஊஞ்சல் பலகை, அலமாரி என்று செய்து தருகிறார்கள். இதனை 'மீட்கப்பட்ட மரம்' என்கிறார்கள். மரம் மறுவாழ்வு பெற்றது என்றும் சொல்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆயினும் மீட்பு என்ற சொல் வந்துவிட்டால் நாம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். யாரிடமிருந்து மீட்டது? என்ன விலைக்கு? யாருக்காக?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளும் பெருஞ்சேதம். தெருக்களில் விழுந்தவற்றுள் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டவை: அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த தூங்குமூஞ்சி மரம், மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர், மஞ்சள் பூவை உதிர்க்கும் இயல்வாகை. இவை விரைவில் வளர்ந்து அகலமாகக் கிளை விரிப்பவை. ஆனால் அவை சாய்ந்ததற்கு அவற்றின் இயல்பை மட்டும் குறை சொல்லித் தப்பித்துவிட முடியாது. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போட்டவர்கள் நாம். மழைநீர்க் கால்வாய்க்கும் கம்பிவடத்திற்குமாக ஒரு பக்கத்து வேரை அறுத்தவர்களும் நாமே. வேர் பரவ ஒரு முழம் மண் கொடுக்காமல், மரம் உறுதியாக நிற்கவில்லையே என்று புயல் கழிந்தபின் வருந்துவதில் நேர்மை குறைவு.

மரம் விழுந்த முதல் சில மணி நேரத்திலேயே அதன் பிற்காலம் முடிவாகிவிடுகிறது. சாலை அடைபட்டுக் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். மின்கம்பிகள் கிளைகளுக்குள் சிக்கியிருக்கின்றன. மழையில் நனைந்தபடி இரவெல்லாம் உழைக்கும் தொழிலாளி, சங்கிலி வாளால் அதை இரண்டடி மூன்றடித் துண்டுகளாக அறுத்து ஓரமாக உருட்டுகிறார். அவர் செய்வது சரியே. உயிர் காக்கும் வேலை முந்தியது. ஆனால் இரண்டடித் துண்டில் மேசைப் பலகை கிடையாது. அது அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகும். அடிமரத்தை மட்டுமாவது எட்டடி நீளத்தில் விட்டுவைத்தால்தான் அது அறுப்பு மில்லுக்குப் போகத் தகுதி பெறும்.

மில்லுக்குப் போனாலும் நகரத்து மரத்தை வாங்க மில்காரர் தயங்குவார். காரணம் ஆணி. கட்சிக்கொடி, டியூஷன் விளம்பரம், வாடகைக்கு வீடு, குறி சொல்லும் சோதிடர் என்று நாம் ஐம்பது ஆண்டுகளாக அதன்மேல் அறைந்த ஆணிகளைப் பட்டை மூடி மறைத்திருக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது. வாள் உள்ளே போகும்போது பல் உடையும். உடைந்த பல் தெறித்தால் அறுப்பவரின் கண் போகும். ஆகவே நிலத்தில் புதைந்த உலோகத்தைத் தேடும் கருவியைக் கொண்டு மரத்தைத் தடவிப் பார்த்தபின்பே அறுக்கிறார்கள். ஆணி இருந்த இடத்தில் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்து நீலக் கருமையான கறை நெடுக ஓடியிருக்கும். சில தச்சர்கள் அக்கறையைச் செதுக்கி எறியாமல் மேசையின் நடுவிலேயே தெரியும்படி விடுகிறார்கள். வாங்குவோரும் அதை விரும்பிக் கேட்கிறார்கள். மரத்தில் அறைந்த ஆணி என்றதும் கிறிஸ்தவர் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்புமையை இங்கே எளிதாக இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அழகாக இருக்கிறது என்பதால் ஆணி அறைந்தது நல்லதாகிவிடாது.

பின்னர் காத்திருப்பு. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. வளையங்களின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் வெயிலில் உருட்டிப்போட்ட முழுக்கட்டை நடுவரை பிளந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கப் பச்சையாக இருக்கும்போதே பலகைகளாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசி, பலகைக்கும் பலகைக்கும் இடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கிப் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. சூளையில் உலர்த்தினால் சில வாரங்களில் முடியும். அதற்குச் செலவு அதிகம். வெளிறு எனப்படும் வெளிப்புற வெள்ளைப் பகுதியைத் துளைக்கும் வண்டு விரும்பி அரிக்கும் என்பதால் போரிக் அமிலக் கரைசலும் தர வேண்டும். இத்தனைக்கும் பிறகு தூங்குமூஞ்சி மரத்தின் உள்வைரம் காப்பிக்கொட்டை நிறத்தில், அலையலையான ரேகைகளுடன் எழுந்து வரும். விறகென்று நாம் ஒதுக்கிய அந்த மரத்தை, சுருக்கம் குறைவு என்ற காரணத்தினால் ஹவாய்த் தீவினர் கிண்ணங்கள் கடைவதற்கு நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். வேம்போ மகோகனியின் குடும்பம். சிவந்த நிறமும் கரையானை அண்டவிடாத கசப்பும் அதற்கு உண்டு. குல்மோகருக்கு இத்தகைய பெருமை இல்லை. மென்மையான மரம், விறகுக்கே பொருந்தும்.

இக்கலைக்கு இருபதாம் நூற்றாண்டில் பெருமை சேர்த்தவர் ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-இல் அமெரிக்காவில் பிறந்த கட்டடக் கலைஞர். நம் மண்ணோடு அவருக்கு உறவு உண்டு: 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதியைக் கட்டும் பணியில் அங்கேயே தங்கி உழைத்தவர் அவர். அமெரிக்கா திரும்பியபின் சியாட்டில் நகரில் மேரிநோல் சபைக் குரு ஒருவர் சிறுவர்களுக்குத் தச்சு கற்பிக்கும்படி கேட்டு, அதற்கு ஈடாகப் பட்டறைக்கு இடம் கொடுத்தார். 1942-இல் போரைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு ஜப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்தபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கு அவரும் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மரபுமுறை அறிந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம், கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகளையும் பாலைவனத்துப் புதரின் கட்டைகளையும் கொண்டு வேலை பழகினார். வேண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர், வேண்டாதது என்று ஒதுக்கப்பட்ட மரத்தோடு பழகிய இடம் அது. பிற்காலத்தில் வெடிப்பும் முடிச்சும் கொண்ட, வணிகர் கழித்த பலகைகளையே அவர் தேடி எடுத்தார். வெடிப்பை மறைக்காமல், மேலும் பிளக்காதபடி வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டொன்றை அதன் குறுக்கே பதித்து நிறுத்தினார். ஜப்பானின் கியோட்டோவில் கிறிஸ்து அரசர் ஆலயத்தையும், நியூ மெக்சிகோவில் பாலைவனக் கிறிஸ்து துறவுமடத்தின் கோவிலையும் வடிவமைத்தவர் அவரே. லாங் ஐலண்டில் விழுந்த மாபெரும் வால்நட் மரமொன்றைப் பிளந்து அவர் செய்த அமைதிப் பீடம் 1986-இல் நியூயார்க் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அதன் வழிவந்த ஒன்று 1996 முதல் ஆரோவில்லில் இருக்கிறது.

இவ்வளவு சொன்னபின் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். அதை இறைவாக்கினர் எசாயாவைவிடக் கூர்மையாகச் சொன்னவர் இல்லை. நாற்பத்து நான்காம் அதிகாரத்தில் அவர் ஒரு தச்சனைக் காட்டுகிறார். அவன் மரத்தை வெட்டுகிறான். ஒரு பாதியை எரித்துக் குளிர் காய்கிறான், அப்பம் சுடுகிறான், இறைச்சி வாட்டுகிறான். மறு பாதியைச் செதுக்கி, அதன் முன்னே விழுந்து வணங்குகிறான். இப்பகுதியை நாம் சிலை வழிபாட்டைப் பற்றிய கண்டனமாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். சற்று நிதானித்துப் பார்த்தால், எரிந்து சாம்பலான பாதியைப் பற்றி இறைவாக்கினருக்குக் குறையே இல்லை என்பது தெரியும். அது ஒருவனின் குளிரையும் பசியையும் போக்கியது; தன் வேலையைச் செய்து முடித்தது. அவருடைய ஏளனம் முழுவதும், அழகாகச் செதுக்கப்பட்டு நிலைத்து நின்ற பாதியின்மீதுதான்.

ஆகவே, விறகாகப் போன மரம் வீணாயிற்று, மேசையான மரம் மீட்புப் பெற்றது என்ற பேச்சில் எனக்குத் தயக்கம் உண்டு. புயலுக்குப் பிந்திய நாள்களில் மின்சாரம் இல்லை, பால் கிடைக்கவில்லை. அந்த வேளையில் கிளைகளை ஒடித்துத் தலையில் சுமந்துபோன பெண்கள் அதைக்கொண்டு சோறு பொங்கினார்கள். அடுப்பில் எரிந்ததைக் கழிவு என்றும், குளிரூட்டிய கூடத்தில் கண்ணாடிபோல் மெருகேறி நிற்பதை மீட்பு என்றும் பெயரிடுகிறவர் எந்த அளவுகோலை வைத்திருக்கிறார்? உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம் என்பதும், எரித்தால் அது உடனே காற்றில் கலக்கும், மேசையாக இருந்தால் பல்லாண்டு தங்கியிருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அந்த மேசையைச் சூழ்ந்து ஓடும் குளிர்சாதனக் கருவியின் கணக்கையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

இங்கே வேறொரு குரலும் கேட்கிறது: இத்தனை விலைகொடுத்து ஒரு மேசையா, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று. இதைக் கேட்கும்போது பெத்தானியாவில் நறுமணத் தைலம் உடைபட்ட மாலை நினைவுக்கு வராமல் போகாது. முந்நூறு தெனாரியம் மதிப்புள்ள தைலம் வீணாகிறதே என்று கேட்டவன் யூதாசு. பணப்பை அவனிடம் இருந்தது. ஏழையின் பெயரால் அழகைப் பழிப்பவர் எல்லாரும் ஏழையின் நண்பர் அல்லர் என்று யோவான் எச்சரிக்கிறார். ஆண்டவர் அந்தப் பெண்ணைக் காத்தார். எனவே அழகிய மேசை என்பதே குற்றம் என்று சொல்ல நற்செய்தி இடம் தரவில்லை. கைத்திறன் மிக்க ஒருவர் தம் வாழ்நாள் அறிவையெல்லாம் ஒரு பலகையின்மேல் கொட்டுவது நல்லது. பிழைப்புக்காக ஒட்டுப்பலகை அறைகலன்களை மாட்டித் திருகும் வேலைக்குத் தள்ளப்பட்ட நம் ஆசாரிமாருக்கு, உளியையும் இழைப்புளியையும் மறுபடி கையில் எடுக்க இத்தொழில் வாய்ப்புத் தருகிறதென்றால் அதுவும் நல்லதே.

எனில் என் தயக்கம் எங்கே? தெருவோர மரம் யாருடைய சொத்து என்பதில்தான். தாளில் அது மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். வாழ்க்கையில் அதன் நிழல், அதன்கீழ் பிழைத்தவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. இஸ்திரி வண்டிக்காரர், செருப்புத் தைப்பவர், இளநீர் விற்பவர், பள்ளி விடும்வரை காத்திருக்கும் தாய்மார், ஆட்டோ நிறுத்தத்தில் மதியம் கண்ணயரும் ஓட்டுநர் ஆகியோருக்கு அந்த நிழல் கூரையாகவும் கடையாகவும் இருந்தது. நிழலுக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. யாரும் யாரையும் விலக்கவுமில்லை. மண்ணுலகின் பொருள்கள் அனைவருக்குமாகப் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'மகிழ்ச்சியும் எதிர்நோக்கும்' ஏட்டில் கற்பித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் அதையே விரித்துரைத்தார். அந்தப் போதனைக்குத் தெருவோர நிழலைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மரம் விழுந்ததும் நிகழ்வது என்ன? ஊருக்கெல்லாம் பொதுவாயிருந்த ஒன்று சிறு தொகைக்கு ஏலம் போகிறது. பத்துப் பதினைந்து கைமாற்றங்களுக்குப் பின் ஒரு வீட்டின் கதவுக்குள் போய்விடுகிறது. இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். லேவியர் நூலின் மீட்பில் நிலம், இழந்தவனிடமே திரும்பியது. இந்த மீட்பில் யாருக்கு என்ன திரும்பியது?

இன்னொன்றும் உண்டு. தாவோ ஞானி சுவாங் சூ சொன்ன கதையில், ஒரு கோவில் திடலில் நின்ற பெருமரத்தைத் தச்சன் ஏறெடுத்தும் பாராமல் போகிறான். படகுக்கும் உதவாது, தூணுக்கும் உதவாது என்பது அவன் கணிப்பு. அன்றிரவு மரம் கனவில் தோன்றி, உதவாமல் இருந்ததனால்தான் இத்தனை காலம் உயிரோடிருக்கிறேன் என்று உணர்த்துகிறது. நம் தூங்குமூஞ்சி மரத்தின் கதையும் அதுவே. தேக்கைப்போல் விலை இல்லாததால் அதைக் கோடரி தேடி வரவில்லை. அதன் பலகை சதுர அடிக்கு இன்ன விலை என்று சந்தையில் பேசப்படும் நாளில், நன்றாக நிற்கும் மரமும் 'ஆபத்தாகச் சாய்ந்திருக்கிறது' என்று கோப்பில் எழுதப்படலாம். தமிழ்நாட்டில் 2021-இல் மாவட்டப் பசுமைக் குழுக்கள் அமைந்தபின் அரசு நிலத்து மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது என்பது ஓரளவு காப்பு. ஆயினும் வெட்டலாம் என்று சொல்லும் கையும் கட்டையை விற்றுப் பணம் வாங்கும் கையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இத்தொழிலை மெய்யாகவே மதிக்கும் தச்சர்தாம் இதை முதலில் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எண்ணும்போது மயிலையின் பழைய கதையொன்று புதிய பொருளோடு தெரிகிறது. பெருங்கட்டையொன்று மிதந்து வந்து ஒதுங்கியதாம். அரசனின் ஆள்களாலும் யானைகளாலும் அதை அசைக்க முடியவில்லை. புனித தோமையார் தம் இடைக்கச்சையைக் கட்டி அதைக் கரைக்கு இழுத்தார். கோவில் கட்ட அதையே கேட்டுப் பெற்றார். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதை எழுதிவைத்தனர். சாந்தோம் பசிலிக்காவின் பின்புறம் கடலை நோக்கி நிற்கும் மரக்கம்பத்தை மக்கள் இக்கதையோடு இணைத்தே போற்றுகின்றனர். வரலாற்று ஆய்வாளர் இதை எப்படி எடைபோட்டாலும், நம் மறைமாவட்டத்து நினைவில் முதல் கோவில் வெட்டிய மரத்தால் ஆனதன்று, ஒதுங்கிய மரத்தால் ஆனது. அது தனி வீட்டுக்குப் போகாமல் பொது இடமாயிற்று.

திருச்சபை ஏற்ற திருமுறை நூலல்லவெனினும் மிகப் பழைமையான 'தோமாவின் பணிகள்' அவரைத் தச்சராகவே காட்டுகிறது. மரத்தில் ஏரும் நுகமும் படகும் துடுப்பும், கல்லில் தூணும் அரண்மனையும் செய்வேன் என்கிறார். நாசரேத்துத் தச்சர் ஏரும் நுகமும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் எழுதியிருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கொண்டோபரஸ் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பொன்னை எல்லாம் தோமா ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டபோது, விண்ணகத்தில் எழுந்திருக்கிறது என்றார். கைதேர்ந்த தச்சர், ஆனால் அக்கதையில் ஒரு நாற்காலிகூடச் செய்யவில்லை! அரசன் சினந்ததில் வியப்பில்லை. தொழில் தெரிந்த ஒருவர், யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்டு நின்றுவிடுவதும் தொழிலின் ஒரு பகுதி என்று அக்கதையைப் புரிந்துகொள்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் பங்குக் கோவில் வளாகங்களிலும் பள்ளித் திடல்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் முதிர்ந்த மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் ஏதாவதொன்று விழத்தான் செய்கிறது. விறகுக் கடைக்காரரை அழைத்துக் கிடைத்த தொகையைக் கோவில் கணக்கில் வரவு வைப்பதே வழக்கம். அடிமரத்தைத் துண்டாக்காமல் வைத்து, ஈராண்டு நிழலில் காயவைக்க ஒரு மூலை ஒதுக்கினால், நல்ல தச்சர் ஒருவரைக்கொண்டு மறைக்கல்வி வகுப்புக்கு நீள இருக்கைகளும், வெளிப்புறச் சுவரோரம் வழிப்போக்கர் உட்காரப் பலகையும் செய்துகொள்ளலாம். திருப்பலிப் பீடத்தின் மேற்பலகை இயற்கைக் கல்லால் ஆனதாக இருப்பது மரபு என்றாலும், ஆயர் பேரவையின் இசைவோடு தகுதியும் உறுதியும் உள்ள மரத்தால் ஆகவும் திருவழிபாட்டு ஒழுங்கு இடமளிக்கிறது. மெல்லிய கிளைகளை அக்கம்பக்கத்து அடுப்புகளுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாம். அவற்றில் வேறு பயனும் இல்லை. பலகையில் ஒரு பகுதி அழகிய மேசையாகி நல்ல விலைக்குப் போகுமானால் போகட்டும். அந்தப் பணத்தில் முதல் பங்கு, அம்மரத்தின்கீழ் உட்கார்ந்து பிழைத்தவருக்குச் சேர வேண்டும் என்பேன். இதைப் பங்குப்பேரவையில் சொன்னால் சிரிப்பார்கள். இஸ்திரி போடுகிறவருக்கு மரத்தின்மேல் என்ன உரிமை என்பார்கள். சட்டப்படி ஒன்றுமில்லைதான்.

விழுந்த இடத்தில் புங்கனோ பூவரசோ நட வேண்டும். சுற்றிலும் சிமெண்டு போடாமல் நாலடிச் சதுரமாவது மண்ணை விட்டுவைக்க வேண்டும். வெட்டிய மரமும் தண்ணீரின் வாடையில் துளிர்க்கும் என்று யோபு நம்பிக்கையோடு பேசியதுண்டு. எனினும் நட்ட கன்று ஒரு வண்டியை மறைக்கும் அளவுக்கு நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இஸ்திரி வண்டியின் மேலே, நான்கு மூங்கில் கழிகளில் கட்டிய நீலத் தார்ப்பாய்தான் இருக்கும்.